யார் நேர்ந்த கடன்? கல்முனைக் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 தை மாதம் ஒரு தாயை உளவளத்துணைக்காக எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். வயது 49. இலங்கையின் கிழக்கில், கல்முனைக்குக் கிட்டிய ஒரு கரையோரக் கிராமம். அரச வைத்தியசாலை ஒன்றின் கிளினிக் துண்டில், நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, உடம்பு முழுக்க நோவு, சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. விசாரித்தபோது மூன்று மாதமாகச் சோறு தொடவில்லை என்றார். பிளேன்டியும் விசுக்கோத்தும்தான். படுக்கை வெறுந்தரையில். ஏன் அக்கா என்று கேட்டேன்.

"மகன் தீ மிதிக்கும் மட்டும் இப்பிடித்தான் மிஸ்."

உளவளத்துணை வேலையில் நேர்த்தி பற்றிய சண்டைகள் அடிக்கடி வரும். வெளிநாட்டுப் பயணம் சரிவந்தால் மொட்டை, சோதனை பாஸானால் காவடி, வருத்தம் மாறினால் கதிர்காமத்துக்கு நடை. அவற்றில் பெரும்பாலானவை குடும்பத்துக்குள்ளேயே ஒரு சிரிப்போடு முடிந்துவிடும். இது முடியவில்லை. நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த ஒன்றும் இதில் இருந்தது. அதனால்தான் முழுதாக எழுதுகிறேன். தாயும் மகனும் சம்மதம் தந்தார்கள். ஊரையும் கோயிலையும் சொல்லவில்லை, சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வெளியூரிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே 18 நாள் நடக்கும் திருவிழாவை ஊரில் தீப்பள்ளயம் என்பார்கள். பாரதக் கதை வாசிப்போடு நின்றுவிடாது, வீதிக்கு இறங்கும். பாண்டவர்களாக வேடம் போட்டவர்கள் வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவநிலைக்கு ஏறுவார், கடைசியில் தீமிதிப்பு. யாகத்தீயில் பிறந்தவள் அம்மன். அவள் முன்னால் தணலில் இறங்கி நடப்பதை விடப் பெரிய சாட்சி பக்தனுக்கு இல்லை என்பது நம்பிக்கை. இந்தப் பக்கத்தில் வேறு கோயில்களிலும் தீமிதிப்பு உண்டு. நான் சொல்வது பாண்டிருப்புக் கோயிலை இல்லை, சின்னக் கோயில் ஒன்றை.

கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் படும் நேரமும் கொஞ்சம், அதனால் சுடாது என்று விஞ்ஞான ஆசிரியர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் தயங்கி நின்றவருக்கும் தடுக்கி விழுந்தவருக்கும் சுட்டிருக்கிறது. தணலுக்கு முன்னால் நிற்கும் மனிதனுடைய பயம் பொய்ப் பயம் இல்லை.

தாய் முதலில் சொன்ன கதை

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கணவர் கரைவலைத் தொழிலாளி, அன்று காலை சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் தாயும் இரண்டு பிள்ளைகளும். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4.

"அலை ரெண்டு பேரையும் பறிச்சிட்டு மிஸ். மகன் மற்ற நாள் கிடைச்சான். மகள் கிடைக்கல்ல."

அவ்வளவுதான். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்த நாள் அது. நாட்டிலேயே ஆகக் கூடுதலான சாவு இந்தக் கரையில்தான். இப்படி மூன்று வரியில் கதை முடிகிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வரிகளுக்கு இடையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

மகனை மருதமுனையில் ஒரு முஸ்லிம் குடும்பம் தங்கள் வீட்டு மேல்மாடிக்குத் தூக்கிக் காப்பாற்றியிருந்தது. அடுத்த நாள் மத்தியானம் பாடசாலை முகாமுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கு முந்திய இரவு அதே முகாமில் தாய் நேர்த்தி வைத்திருந்தார். கையில் ஒரு சதம் இல்லை. பக்கத்தில் கிடந்த ஒரு மனுசியிடம் காசு கடன் வாங்கி, துணித்துண்டில் முடிந்து, பிள்ளையைத் தந்தால் அவன் வளர்ந்து மூன்று வருசம் உன்ர தீயில் இறங்குவான் என்று அம்மனிடம் சொன்னார். பிறகு அந்த முடிச்சை மஞ்சளில் தோய்த்து வைத்துக்கொண்டார்.

"அவ ஒண்டை எடுத்தா, ஒண்டைத் தந்தா. தந்ததுக்குக் கடன் இருக்கு." இந்த வசனத்தை நான் ஐந்தாறு தரமாவது கேட்டிருப்பேன்.

மகன்

22 வயது. டவுனில் ஃபோன் திருத்தும் கடை. தாயோடு கோபம் ஒன்றும் இல்லை, வீட்டுச் செலவு முழுக்க அவர்தான். சாமி இல்லை என்று வாதாடுகிற ஆளும் இல்லை. சின்ன வயதிலிருந்தே வனவாசத்தன்று கூட்டத்தோடு நடந்தவர்.

"நான் நம்புறன் மிஸ். ஆனா நான் நேரல்ல."

18 வயதில், 2019 இல், முதல் தடவை தீயில் இறங்கியிருக்க வேண்டும். அந்தச் சித்திரையில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்தன, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் செத்தார்கள். ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் தாக்குதல்காரர்களின் குடும்பங்கள் பதுங்கியிருந்த வீட்டில் குண்டுகளை வெடிக்க வைத்தார்கள். ஊரவர்களே சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்த வீடு அது. 15 பேர் செத்தார்கள், அதில் 6 பேர் பிள்ளைகள். சத்தம் இவருடைய வீடு வரைக்கும் கேட்டதாம். "தியாகம் எண்டு சொல்லித்தானே மிஸ் அதுகளையும் வச்சுக்கொண்டு செஞ்சவங்க. அதுகளிட்ட ஆரும் கேட்டதா?"

இந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை உயிரோடு வர வேண்டும் என்று முகாமில் அழுத தாயையும் கொலைகாரர்களையும் ஒரே வரியில் வைக்க ஏலாது என்று அவரிடமே சொன்னேன். "அளவு வேற மிஸ். கேள்வி ஒண்டுதான்" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

ஆனால் மகனுடைய பக்கமும் அப்படியே சுத்தம் என்று எழுதினால் அது பொய். 2019 இல் சாட்டுச் சொன்னார். அடுத்த இரண்டு வருசமும் கொரோனா கை கொடுத்தது. 2022 இல் சரி என்றார். காப்புக் கட்டினார், விரதம் இருந்தார், கோயிலிலேயே படுத்தார். தீமிதிப்பன்று விடிய எழும்பி, ஃபோனை நிற்பாட்டிவிட்டு அக்கரைப்பற்றில் கூட்டாளி வீட்டில் போய் இருந்துவிட்டார். காப்புக் கட்டியவர்களில் ஒரு ஆள் குறைகிறது என்று கோயிலில் தேடினார்கள். தாய் தீக்குழியின் தலைமாட்டில், தணல் சாம்பல் பூக்கும் வரை நின்றார்.

தீ மிதிக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அந்த வார்த்தையை அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. அம்மா நேர்ந்தது, எனக்கென்ன என்று உள்ளே வைத்துக்கொண்டு வெளியே தலையாட்டினார். காப்பை நீட்டிக் கட்டிக்கொண்டது அவருடைய சொந்தக் கை. இதை நான் எடுத்துச் சொன்னபோது முகம் கறுத்துப் போனது.

என் பிழை

இரண்டாவது சந்திப்பில் தாயிடம், "அக்கா, மகள் போனதில உங்கட பிழை ஒண்டும் இல்லை" என்றேன். பயிற்சியில் சொல்லித் தருகிற வசனம், பல பேருக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கிறது. அவர் மடியில் கிடந்த துவாயை நாலாக மடித்தார். "சரி மிஸ்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு தவணைக்கு வரவில்லை.

மாசி முடியும் நேரம் தானாக வந்தார். கதிரையில் இருந்ததும் இடது கையை மேசையில் மல்லாத்தி வைத்தார்.

"இந்தக் கைதான் மிஸ்."

வலது கையில் மகன், இடது கையில் மகள். வேலியோரம் பூவரசு. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. மரத்தைப் பிடிக்க ஒரு கை வேண்டும். "அலை பறிக்கல்ல. நான் விட்டன். விட்டுப்போட்டுத்தான் மரத்தப் பிடிச்சன்." அதற்குப் பிறகு வந்த அலை மகனையும் இழுத்துக்கொண்டு போனது. 18 வருசத்தில் கணவருக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

அவர் ஏன் இரண்டு தவணை வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் பிழை இல்லை என்று நான் சொன்னது அவர் காதில், நீ அங்கே இருக்கவே இல்லை, அலையில் அடிபட்ட ஒரு கட்டைதான் நீ என்று விழுந்திருக்கிறது. அவர் அங்கே இருந்தார். தாயாக இருந்தார். இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கை இல்லாமல் இருந்தார்.

அந்தக் கணத்தை ஒரு தெரிவு என்று நான் சொல்ல மாட்டேன். கை விட்டால் ஒரு பிள்ளை, விடாவிட்டால் மூன்று பேரும். யோசிக்க நேரமும் இல்லை. யோசிக்காமல் உடம்பு செய்ததற்கு மனுசியைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அன்றிரவு முகாமில் நடந்தது அப்படி இல்லை. நினைவு தெளிவாக இருந்தது. யாரை, எதற்கு, எத்தனை வருசத்துக்கு என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லி நேர்ந்தார். இரண்டும் அவருக்குள் இடம் மாறிப் போயிருந்தன. தண்ணீருக்குள் நடந்ததைத் தனியாகத் தன் தலையில் சுமந்தார். தானே வாய் திறந்து சொன்ன வாக்கை அம்மன் தலையிலும் மகன் காலிலும் போட்டார்.

"அக்கா, தீ மிதிக்கச் சொல்லி அம்மன் கேட்டவவா?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நிறைய நேரம்.

"இல்ல. நான்தான் சொன்னன்."

பிள்ளையைக் கொடுத்தவர்கள்

இரண்டு கிழமை கழித்து தாய் ஒரு எதிர்க்கேள்வியோடு வந்தார். "சிறுத்தொண்டர் பிள்ளையையே குடுத்தாரே மிஸ். அதப் பிழை எண்டு சொல்லுவீங்களா?"

நல்ல கேள்வி. பெரியபுராணத்தில் உள்ள கதை, இங்கே எல்லாருக்கும் தெரியும். வைரவ கோலத்தில் வந்த அடியாருக்குப் பிள்ளைக்கறி வேண்டும். ஒரு குடிக்கு ஒரே பிள்ளை, ஐந்து வயது, தாய் பிடிக்கத் தகப்பன் அரிய வேண்டும், இரண்டு பேரும் மனம் உவந்து செய்ய வேண்டும். சிறுத்தொண்டர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சீராளனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார். தகப்பன் தன்னைத் தேடி வந்த சந்தோசத்தில் பிள்ளை ஓடி வருகிறது. முடிவில் கூப்பிட்டதும் சீராளன் உயிரோடு ஓடி வருவதால் நாம் நிம்மதியாகக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். முடிவை மூடிவைத்துவிட்டு அந்தப் பள்ளிக்கூட வாசலில் மட்டும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள் என்று தாயிடம் சொன்னேன். நின்றார் போலிருக்கிறது, பேச்சு வரவில்லை.

நான் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. ஞாயிறு பாடசாலையில் என்னைத் தூங்க விடாத கதை யெப்தாவுடையது, நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரம். போரில் வென்றால் வீட்டு வாசலால் எதிர்கொண்டு வருவது கர்த்தருக்குப் பலி என்று பொருத்தனை செய்கிறார். மேளம் கொட்டி ஆடிக்கொண்டு வருகிறவள் அவருடைய ஒரே மகள். தகப்பன் உடுப்பைக் கிழித்துக்கொண்டு சொல்வதைக் கவனிக்க வேண்டும்: என்னைக் கலங்கடித்துவிட்டாயே என்கிறார், அவளைப் பார்த்து! வாய் திறந்தது அவர், குற்றம் வாசலுக்கு வந்தவளுக்கு. மகள் இரண்டு மாதத் தவணை மட்டும் கேட்கிறாள். அந்த அதிகாரத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை.

மகனுக்கு இதே விசயம் வேறு வழியால் வந்திருந்தது. மருதமுனைக் குடும்பத்தோடு அவருக்கு இன்றும் போக்குவரத்து உண்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அங்கேதான் சாப்பாடு. அந்த வீட்டு வாப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். இப்ராஹீம் நபி மகனை அறுக்கப் போன கதையில் ஒரு இடத்தை அவர் காட்டியிருக்கிறார். குர்ஆன் 37ஆவது அத்தியாயத்தில், கனவைச் சொன்ன கையோடு, நீ என்ன நினைக்கிறாய் என்று தகப்பன் மகனிடம் கேட்கிறார். மகன் சம்மதம் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். குர்பான் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்விடம் போய்ச் சேராது, உங்கள் உள்ளச்சம்தான் சேரும் என்றும் வேறோர் இடத்தில் இருக்கிறது என்றாராம். கேட்கப்பட்டவன் மாட்டேன் என்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இவர் திருப்பிக் கேட்க, "அதுதான் மகன் கேள்வி" என்று வாப்பா சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டாராம்.

இதற்கிடையில் பெரியம்மா ஒருவர் கணக்கை இலகுவாக முடிக்கப் பார்த்தார். உயிருக்கு உயிர், வைரவருக்கு ஒரு கிடாவைக் கொடுத்து விடுவோம் என்றார். சட்டம் ஒரு பக்கம் இறுகிக்கொண்டு வருகிறது. 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் அங்குள்ள கோயில்களில் மிருகபலிக்குத் தடை போட்டது, 2018 இல் இந்துக் கோயில்களில் மிருகபலியைத் தடை செய்யும் சட்டத்துக்கு அமைச்சரவை இணங்கியது. பெரியம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. மகன்தான் மறித்தார். "கிடாவும் நேரல்லத்தானே பெரியம்மா." தாய்க்குச் சிரிப்பு வந்தது. நான் பார்த்த முதல் சிரிப்பு.

கோயிலில்

ஆவணியில் மகன் தானாகக் கோயில் பெரியவரிடம் போனார். நான் அனுப்பவில்லை, போகப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். போன வருசம் காப்புக் கட்டிவிட்டு ஓடியது என் பிழை ஐயா, இனி நான் தீ மிதிக்க மாட்டேன், அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசத்தான் ஏசினாராம், ஓடியதற்கு. மிதிக்காததற்கு இல்லை. அதன் பிறகு தாயையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்.

அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். பெரியவர் படித்த மனிதர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாரதம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "கைப்பிள்ளைக்கு நேர்ந்தா தாய் தூக்கிக்கொண்டு வாறா, அது தாய்ட கால்தான். மீசை முளைச்சவன இழுத்துக்கொண்டு வந்து இறக்கினா அது ஆர்ட கடன்? அருச்சுனன்ட மகன் அரவானக்கூட அவன் ஓம் எண்டு சொன்ன பிறகுதானே புள்ள களப்பலி குடுத்த." கொஞ்சம் பொறுத்து, "நேர்ந்தது நீ. உன்னால ஏலுமானதச் செய்" என்றார்.

தாய் தேர்ந்தது மடிப்பிச்சை. மூன்று நாள், சீலைத் தலைப்பை விரித்து வீடு வீடாக. பழைய கரையோரத் தெருவில் இப்போது வீடுகள் இல்லை, அத்திவாரங்கள்தான். அந்தத் தெருக்காரர்கள் சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார்கள். அங்கே போனார். ஏன் மடிப்பிச்சை என்று கேட்டவர்களுக்கு, நேர்த்தி என்று மட்டும் சொன்னார். இரண்டு வீட்டில், பழைய அயல்பெண்களிடம், கையை விட்ட கதையையும் சொல்லியிருக்கிறார். அதில் ஒருத்தி, நானும் விட்டனான் என்று சொன்னாளாம். இதை எந்தச் சிகிச்சைக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, கோப்பில் அப்படியே எழுதி வைத்தேன்.

தீமிதிப்புக்கு முந்திய நாள் தாய் மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு மகனுடைய கடைக்குப் போனார். முடிச்சு கல்லாக இறுகிப்போயிருந்தது, பல்லாலும் கழற்றிப் பார்த்தும் வரவில்லை. மகன் அதை ஃபோன் திருத்தும் விளக்கின் கீழே, பூதக்கண்ணாடியில் வைத்து, சின்னத் திருகாணி எடுக்கிற ட்வீசரால் நூல் நூலாகப் பிரித்தார். இரண்டு ரூபாய்க் குத்தி. ஒன்றில்லை, இரண்டு.

"ஏன்மா ரெண்டு?"

"அண்டைக்கு ரெண்டு பேரையும்தானே மனே கேட்டன்."

எங்களிடம் சொன்ன நேர்த்தியில் ஒரு பிள்ளைதான் இருந்தது. ஒண்டை எடுத்தா, ஒண்டைத் தந்தா என்ற கணக்கு அவர் பிறகு எழுதிக்கொண்டது. முகாமில் அன்றிரவு அப்படி ஒரு கணக்கு இல்லை. கை விட்ட பிள்ளையையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார்.

அடுத்த நாள் மடிப்பிச்சை அரிசியோடு ஒரு குத்தியை உண்டியலில் போட்டார். மற்றதைப் பெரியவரிடம் காட்டினார். கேட்டது கிடைக்கவில்லை, அதனால் அது கடன் இல்லை, உன்ர காசு புள்ள என்று அவர் சொல்லிவிட்டார். மகன் அன்று தீக்குழியின் கடைப்பக்கம் நடந்து வருகிறவர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். தாய் தலைமாட்டில் நிற்கவில்லை, மகனுக்குப் பக்கத்தில் நின்றார்.

2024 மாசியில் கோப்பை மூடினேன். சோறு சாப்பிடுகிறார், மத்தியானம் மட்டும், இரவுக்கு இன்னும் பிளேன்டிதான். படுப்பது பாயில். கட்டில் பழக்கமில்லை என்கிறார், அது உண்மையாகவும் இருக்கலாம். நித்திரை நாலு மணித்தியாலம். கணவருக்கு எல்லாம் சொல்லிவிட்டார், அவர் ஒன்றும் பேசாமல் எழும்பிக் கடற்கரைக்குப் போய், இருட்டுப்பட்ட பிறகுதான் வந்தாராம். மகன் கட்டார் போக அலுவல் பார்க்கிறார்.

கடைசியாக வீட்டுக்குப் போனபோது சாமித் தட்டைப் பார்த்தேன். மகளுடைய படம் ஒன்றும் கடலுக்குத் தப்பவில்லை. அம்மன் படத்துக்குப் பக்கத்தில், விபூதித் தட்டத்தை ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டு ரூபாய்க் குத்தியை நிமிர்த்தி வைத்திருந்தார்.